மஞ்சள் மறைத்த எண்

...அவர் பெயர்தான், இரண்டாம் முறை படித்தாலும் அதே பெயர்தான், டாக்டர் வீரயுத், வயது ஐம்பத்தெட்டு, ஏழாம் மாடி, தனி அறை. குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சுழற்றியில் போட்டு எடுத்திருந்ததால் ரத்தம் அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தது, அதன்மேல் தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டும், அது சாமந்தியைக் கசக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. இந்த மஞ்சளை எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக இதே மேஜையில் உட்கார்ந்து பிறர் ரத்தத்தை எண்ணாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டென்று யாராவது கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன், பச்சைக்குழந்தையின் மஞ்சள், குடிகாரனின் மஞ்சள், பித்தக்குழாய் அடைத்துக்கொண்டவனின் மஞ்சள்... இது அந்தக் கடைசி வகை. ஐந்து வருடமாக நான் மனத்துக்குள் எத்தனையோ ஒத்திகை பார்த்திருக்கிறேன், அவரை மாடிப்படியில் வழிமறிப்பதாக, அவர் பேசும் கூட்டத்தில் எழுந்து நின்று கத்துவதாக, அவர் காரின் கண்ணாடியைக் கல்லால் உடைப்பதாகக்கூட, இப்போது நிஜமாகவே அவர் என் உள்ளங்கையில் இருக்கிறார், ஒரு விரல் உயரக் குழாய்க்குள் மூடிபோட்டு அடைபட்டு.

"புவாலை அக்கா, பாத்தீங்களா பேரை?" என்று அடுத்த மேஜையிலிருந்து குங் கேட்டாள். என்னோடு பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவள், வாயில் எப்போதும் எதையாவது மெல்லுவாள், அன்று குச்சியில் செருகிச் சுட்ட பன்றிக்கறியும் ஒட்டரிசிச் சோறும், லேபுக்குள் தின்னக்கூடாது என்பதால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று தின்றாள். "பாத்தேன்" என்றேன். "ஊர் ஊரா போயி பச்சை மீன் திங்காதீங்கன்னு போஸ்டர் ஒட்டினவரு... அவருக்கே பித்தக்குழாய்ல புத்து! சின்ன வயசுல அவரும் நம்மள மாதிரி தின்னிருப்பாரு இல்ல? புழுவுக்கு டாக்டருன்னு தெரியவா போகுது?" என்று சிரித்தாள், சிரித்துவிட்டு, யாரிடம் சிரித்தோம் என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல் குச்சியைக் கடித்தபடி நிறுத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காய்ச்சல் எகிறுதாம்க்கா, ஒன்பது மணிக்கு ஊசி போடப் போறாங்களாம், பெரிய ஊசி, கிட்னி நல்லா இருந்தா முழு டோஸு, இல்லேன்னா போடவே கூடாதாம், நம்ம எண்ணுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க, மேல இருக்குறது போன மாசம் வந்த சின்ன டாக்டர்" என்றாள். நம்ம எண்ணுக்குத்தான். சுவரில் மணி ஏழு ஐம்பது. குழாயை இயந்திரத்தின் தட்டில் வைத்தேன், தட்டு நகர்ந்து உள்ளே போயிற்று, ஊசி இறங்கி உறிஞ்சும் சத்தம் கேட்டது. நல்ல சத்தம் அது, கொசு கடிக்கும்போது சத்தம் கேட்டால் இப்படித்தான் இருக்கும் என்று தோங்லா சொல்வார், ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க வந்தவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொன்னது.

தோங்லா என் கணவர். தபால்காரர். மூன்று ஊர்களின் நாய்களுக்கும் அவரைத் தெரியும், எந்த நாயும் குரைக்காது, அதில் அவருக்கு ஒரு பெருமை. குளத்து மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சையும் வறுத்த அரிசித்தூளும் மிளகாயும் போட்டுப் பிசைந்து தின்பதற்கு உயிரையே விடுவார், அட, உயிரையேதான் விட்டார். எத்தனை முறை சொல்லியிருப்பேன். "எலுமிச்சை ஊத்திட்டா மீனு வெந்துடும் புவா, பாரு எப்படி வெளுத்திருக்கு" என்பார், எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், வெளுத்தது மீன்தானே தவிர உள்ளே இருக்கும் புழு இல்லை என்று நான் சொன்னால், "உன் லேபுல இருக்கிற புழுவை இங்க கொண்டாராதே" என்று இன்னும் ஒரு உருண்டை எடுத்துக்கொள்வார். கண் மஞ்சளாகி வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. அப்போது டாக்டர் வீரயுத் ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தார், ஈரல் கெட்டவர்களுக்குச் சிறுநீரகமும் எப்போது கெட ஆரம்பிக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் குறிகள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் ஆய்வு, கூடவே புதிய மாத்திரையும், நூற்றிருபது பேர், செவ்வாய்க்கு ஒருமுறை ரத்தம். நான்தான் தோங்லாவைச் சேர்த்துவிட்டேன். அவர் யோசித்தார், நான்தான் சொன்னேன், பெரிய டாக்டர், நம்ம பக்கத்துப் பிள்ளை, நல்லா பார்த்துக்குவார், அதோடு ரத்தம் எங்க லேபுக்குத்தான் வரும் என்று. எங்க லேபுக்குத்தான் வரும்... இதை நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

கிரியாட்டினின் என்பது உடம்பின் குப்பை, சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், தள்ள முடியாதபோது ரத்தத்தில் எண் ஏறும், ஒன்று என்றால் நல்லது, ஒன்றரைக்கு மேல் போனால் அந்த மாத்திரையை நிறுத்திவிடவேண்டும் என்பது ஆய்வின் விதி. எங்கள் இயந்திரம் அந்தக் குப்பையை நிறத்தை வைத்து அளக்கிறது, மருந்தைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் எழும், எத்தனை ஆரஞ்சோ அத்தனை கிரியாட்டினின். ரத்தநீரே ஏற்கெனவே மஞ்சளாக ஊறிக் கிடந்தால் இயந்திரத்தின் கண் தடுமாறும், நாலை ஒன்று என்று சொல்லும், வெட்கமே இல்லாமல் சொல்லும், தசமப்புள்ளி வைத்துச் சொல்லும். இது லேபில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்னொரு முறை இருக்கிறது, நொதியை வைத்துச் செய்வது, மஞ்சளுக்கு அவ்வளவாக ஏமாறாதது, அதற்கான மருந்துப் பெட்டி குளிர்பெட்டியில் குழந்தைகள் வார்டுக்காக வைத்திருப்போம், டாக்டர் எழுதிக் கேட்டால்தான் எடுக்கலாம். ஆய்வுக் குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நாற்பத்தேழாம் எண் குழாய் ஐந்து செவ்வாய் என் கையில் வந்தது, ஒவ்வொரு செவ்வாயும் முந்தியதைவிட மஞ்சளாக, ஒவ்வொரு செவ்வாயும் கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு... நான் டாக்டரிடம் சொன்னேன். இந்த எண் பொய், டாக்டர், இதை நம்பாதீங்க என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன், ஆய்வின் நடுவில் முறையை மாற்றினால் முன்னாடி எடுத்த எண்ணும் பின்னாடி எடுத்த எண்ணும் ஒட்டாது, அளவுகோலை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அளவுகோல். ஆள் செத்தாலும் அளவுகோல் சாகக்கூடாது.

எட்டு மணி. வெளியே கொடிமரத்துப் பக்கம் தினமும் இந்த நேரத்துக்குப் போடும் நாட்டுப்பண் ஒலிபெருக்கியில் தொடங்கியது, குங் குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள், நடைபாதையில் தள்ளுவண்டிகள் நின்றன, ரத்தம் கொடுக்க வரிசையில் இருந்தவர்கள் கையில் பஞ்சை அழுத்தியபடியே எழுந்தார்கள், நானும் எழுந்து நின்றேன், அப்போதுதான் திரையில் அவர் வரி வந்தது. பிலிருபின், அதாவது மஞ்சளின் அளவு, இருபத்தாறு, ஒன்றே அதிகம். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. பக்கத்தில் இயந்திரம் தன் வழக்கப்படி ஒரு சின்ன மஞ்சள் முக்கோணத்தைப் போட்டிருந்தது, அது எங்கள் கண்ணுக்கு மட்டும், வார்டுக்குப் போகாது, நாங்கள் கீழே ஒரு வரி தட்டினால்தான் மேலே தெரியும், ரத்த மாதிரி மிகவும் மஞ்சள், எண் குறைவாகக் காட்டியிருக்கலாம் என்று. தட்டவேண்டும் என்று கட்டாயம் கிடையாது, வேலை மும்முரத்தில் பாதிப் பேர் தட்டுவதில்லை. பாட்டு முடியும்வரை அசையக்கூடாது, அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது, எவ்வளவு சுலபம், நான் எதையும் செய்யவேண்டியதில்லை, ஒரு பொத்தான், தினமும் முந்நூறு தடவை அழுத்தும் பொத்தான், ஒன்று புள்ளி ஒன்று மேலே போகும், சின்ன டாக்டர் அதைப் பார்த்து முழு ஊசியையும் போடுவார், சாயங்காலத்துக்குள் சிறுநீர் நின்றுவிடும், நாளை மறுநாள் உதடு வறண்டு விக்கல் வரும், அந்த விக்கலை எனக்குத் தெரியும், மூன்று நாள் கேட்டிருக்கிறேன், கடைசி நாள் நின்றபோது அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவுக்காக இன்னும் என்னை நானே... யாராலும் என்மேல் ஒரு விரல் நீட்ட முடியாது. அவருடைய விதி அது. முறையை மாற்றாதே என்றார், மாற்றவில்லை டாக்டர், பாருங்கள், எவ்வளவு கீழ்ப்படிந்து நிற்கிறேன், அசையாமல் நிற்கிறேன்.

பாட்டு முடிந்தது, வண்டிகள் நகர்ந்தன. நான் பொத்தானை அழுத்தவில்லை, உடனே அழுத்திவிட்டால் தீர்ந்துபோகும், கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, நாக்கில் வைத்த மிட்டாயைக் கடிக்காமல் வைத்துக்கொள்வதுபோல. எரியூட்டுக்கு அவர் வந்திருந்தார் என்பது நினைவு வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பெரிய மலர்வளையம், அதில் துறையின் பெயர், படியேறிப் போய் எல்லோரையும்போல ஒரு சந்தனப் பூவை வைத்துவிட்டு இறங்கி வந்து என்முன் கைகூப்பினார், அவர் எனக்கு முதலில் கைகூப்பக்கூடாது, பெரிய டாக்டர், ஆனாலும் கூப்பினார், நான் பதறிப்போய் இன்னும் தாழ்வாகக் குனிந்து கூப்பினேன். ஏன் குனிந்தேன்? புருஷனைக் கொன்றவனிடம் குனிந்து கும்பிட்டு, தூரத்திலிருந்து வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க டாக்டர் என்று சொன்ன வாய் என் வாய்தான். இங்கே எல்லோருக்கும் அது ரத்தத்திலேயே இருக்கிறது, எந்த இயந்திரமும் அளக்காத ஒன்று, கிரெங் ஜாய், பெரியவர் முகம் சுளிக்கும்படி ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்கிற கூச்சம், குழந்தையிலிருந்தே ஊட்டி வளர்க்கிறார்கள். பிறகு ஒரு வருடம் கழித்து ஆய்வு முடிந்து, எங்கள் நடைபாதைச் சுவரிலேயே முடிவைப் பெரிதாக ஒட்டினார்கள், கோடுகள், கட்டங்கள், கீழே சின்ன எழுத்தில், ஆறு பேர் இடையில் விலகினர். விலகினராம். தோங்லா விலகவே இல்லை, கடைசிச் செவ்வாயும் தபால் சட்டையைப் போட்டுக்கொண்டு கால் வீங்கி செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வரிசையில் நின்றார், மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை, அட்டையில் டிக் அடித்து வைத்திருந்தார். அந்த அட்டையில்தான் எண் இருந்தது. சாம்பல் கரைத்துவிட்டு வந்து அவர் தபால் பையைக் கவிழ்த்தபோது விழுந்தது, நாற்பத்தேழு. அதுவரை எனக்குத் தெரியாது. பை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது, தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போவேன், பார்க்கக்கூடாது என்பது விதி, நான் பார்க்கவில்லை, விதியை மதித்தேன்.

எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால், தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லியிருப்பேன், எனக்காக மட்டும், எவ்வளவு என்று தெரியவேண்டாமா, பழிவாங்குகிறவளுக்கு அளவு தெரியவேண்டாமா. நொதிப் பெட்டியை எடுத்துப் பொருத்தி அவர் குழாயை மறுபடி வைத்தேன், குங் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் குழாய்களுக்குத் திரும்பினாள். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் டாக்டரிடம் நான் சொன்னதையே மனம் உருட்டிக்கொண்டிருந்தது, இந்த எண் பொய், டாக்டர்... எங்கே சொன்னேன்? நடைபாதையில். அவரைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள், அவர் லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் கையுறையோடு பின்னாலேயே ஓடினேன், பொய் என்ற வார்த்தையை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருப்பேனா? இல்லை, குறைவாகக் காட்டலாம் என்று சொன்னேன். சில குழாய்ல கொஞ்சம் குறைவா காட்டலாம் டாக்டர், என்று. கொஞ்சம் என்றா சொன்னேன்? சரி, கொஞ்சம் என்றே இருக்கட்டும், டாக்டருக்குப் புரியாதா, அத்தனை படித்தவருக்கு? திரை மினுங்கியது. நாலு புள்ளி மூன்று. மஞ்சளைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நாலு புள்ளி மூன்று, சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்குமேல் போய்விட்டது, இதற்குமேல் அந்த ஊசி போட்டால் அவ்வளவுதான். சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும், வேறு மாதிரி எழுதினால் பொய். தோங்லாவுக்கு இப்படி ஒருமுறை யாராவது துடைத்துப் பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்கும்? மூன்றா? நாலா? எனக்குத் தெரியாது, இவருடையது எனக்குத் தெரிகிறது, என் புருஷனுடையது தெரியாது.

தொலைபேசி அடித்தது. ஏழாம் மாடி நர்ஸ் சாய்ருங். "அக்கா, டாக்டர் வீரயுத் ரிசல்ட் இன்னுமா வரல? இங்க சின்ன டாக்டர் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கிட்டு இருக்காரு, மணி எட்டரை ஆகுது, ஊசியெல்லாம் கலக்கி ரெடியா இருக்கு" என்றாள். "அஞ்சு நிமிஷம்" என்றேன். "அஞ்சு நிமிஷம்னா லேபு அஞ்சு நிமிஷமா, மனுஷங்க அஞ்சு நிமிஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். திரையில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன, ஒன்று புள்ளி ஒன்று, நாலு புள்ளி மூன்று. மேலே உள்ளதை அனுப்பலாம், கீழே உள்ளதை அழிக்கலாம், எழுதிக் கேட்காத பரிசோதனையைச் செய்ததற்கு நானே பதில் சொல்லவேண்டியிருக்கும், அழிப்பதுதான் முறை. ஆனால் மனம் மறுபடியும் லிஃப்டு வாசலுக்கே போயிற்று. குறைவாகக் காட்டலாம் என்றும் சொல்லவில்லையோ... ரொம்ப மஞ்சளா இருக்கு டாக்டர், என்று சொன்னேன். அவர் திரும்பி, "ஈரல் நோயாளி ரத்தம் மஞ்சளா இல்லாம பச்சையாவா இருக்கும் புவாலை?" என்றார், மாணவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, இயல்பாக, நல்ல மனிதர் சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆமாம், நானும் சிரித்தேன், கையுறை போட்ட கையால் வாயை மூடிக்கொண்டு. அப்படியானால் அளவுகோலை மாற்றக்கூடாது என்று எப்போது சொன்னார்? சொன்னார், நிச்சயம் சொன்னார், ஆய்வு தொடங்கிய நாள் எல்லோருக்குமாகக் கூட்டத்தில் சொன்னார், அப்போது நாற்பத்தேழும் இல்லை, மஞ்சளும் இல்லை. இதையெல்லாம் ஒரே வாக்கியமாக நான் எப்போது தைத்துக்கொண்டேன்? அன்று வீட்டுக்குப் போனபோது தோங்லா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, "என் ரத்தம் என்ன சொல்லுது? நீ என் ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருக்கே, என் மூஞ்சியை எப்ப பாக்கப் போறே?" என்று கேட்டார், "அது எனக்குத் தெரியாது, ரகசியம், எண்ணு மட்டும்தான் வரும்" என்றேன், "போஸ்டல்லயும் அப்படித்தான், கவருக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கப்படாது" என்று சிரித்தார்.

கதவுச் சாளரத்தை யாரோ தட்டினார்கள். ஏழாம் மாடி உதவியாளர் புன்தோம், என் வயதுக்காரர், படியேறி இறங்கி எப்போதும் மூச்சு வாங்குபவர், கையில் மடித்த சீட்டு. "லிஃப்டுல நாலு வண்டி, நான் நடந்தே வந்தேன், ஒரு நோபல் பரிசு குடுங்க" என்றார். சீட்டைச் சாளரத்தின் கீழ் தள்ளினார். "டாக்டரே எழுதுனது. நேத்து சாயங்காலமே குடுத்துட்டாரு, நர்ஸம்மா கோப்புக்குள்ள வெச்சு மறந்துட்டாங்க, இப்ப அவரு கேக்கவும் பதறிப்போயி என்னை ஓடவிட்டாங்க. புவாலை இருந்தா அவங்க கையிலயே குடுன்னு சொன்னாரு." பிரித்தேன். நடுங்கும் எழுத்து, கோணல்மாணலாக, ஆனால் அவருடையதுதான், ஆய்வுக் காகிதங்களில் ஆயிரம் தடவை பார்த்தது. என் ரத்த மாதிரியில் மஞ்சள் மிக அதிகம், கிரியாட்டினினை வழக்கமான முறையில் பார்க்கவேண்டாம், நொதி முறையில் பார்க்கவும். கீழே கையெழுத்து. அவ்வளவுதான். இன்னொரு முறை படித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் உடம்பு என்று வந்ததும் தெரிந்திருக்கிறது, அளவுகோலை மாற்று என்று எழுதிக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது! தலைக்குள் ரத்தம் குபுக்கென்று ஏறியது, சீட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம், தாமதமாக வந்தது, மாதிரி தீர்ந்துவிட்டது, புன்தோமே சாட்சி, கோப்புக்குள் இருந்தது என்று அவரே சொல்கிறார்... "என்னங்க, காதல் கடிதமா? இம்புட்டு நேரம் படிக்கிறீங்க" என்றார் புன்தோம். "எப்போலேர்ந்து?" என்று கேட்டேன். "எது?" என்றார். "இவருக்கு இது எப்போலேர்ந்து தெரியும்?" அவர் என் முகத்தைப் பார்த்தார். "அத அவரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் போனார்.

எட்டு நாற்பத்தைந்து. தொலைபேசியை எடுத்து ஏழாம் மாடிக்கு அடித்தேன். சாய்ருங் எடுத்ததும், "ஊசி போடாதே. கிரியாட்டினின் நாலு புள்ளி மூணு, நொதி முறை, ரெண்டாம் தடவை பார்த்தது" என்றேன். அவள் திருப்பிச் சொன்னாள், நாலு புள்ளி மூணு, பின்னால் யாரையோ கூப்பிட்டுச் சத்தமாக ஊசியை எடு என்றாள், நாற்காலி இழுபடும் சத்தம், காலடிகள், பிறகு மறுபடி அவள் குரல், "அக்கா, பெரிய டாக்டர் கேக்குறாரு, பேசறது நீங்களான்னு." அவர் உயிரோடு இருக்கவேண்டும், அதற்காகத்தான் செய்தேன், கேட்பதற்கு, இதை யாரும் கருணை என்று எழுதிவிட வேண்டாம். அவரைப் பிழைக்கவைத்து, தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, எப்போலேர்ந்து தெரியும் என்று கேட்கவேண்டும். லிஃப்டு வாசலில் நான் மஞ்சள் என்று சொன்னபோதே தெரியுமா, தெரிந்தும் சிரித்தீர்களா, இல்லை தோங்லா போன பிறகு எங்கோ படித்துத் தெரிந்துகொண்டீர்களா. பதில் இரண்டில் ஒன்றுதான். தெரியும் என்று சொல்லிவிட்டால் நல்லது, எனக்கு இந்த ஐந்து வருடமும் வீணில்லை, இன்னும் ஐந்து வருடம் வெறுப்பேன். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் சாய்ருங். இருந்தேன். தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, தெரியும் என்று அவர் சொல்லிவிடவேண்டும், தெரிந்தேதான் செய்திருக்கவேண்டும் என்று, கோயிலில்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை, அப்படி வேண்டிக்கொண்டு நின்றேன்... அவருக்கு அன்று தெரியாதென்றால், அந்தக் கட்டடத்தில் அன்று நாற்பத்தேழின் எண் பொய் என்று தெரிந்த ஆள் ஒருத்திதான்.